பாஸ்வோர்ட் கேக்காம கறுப்பு ஸ்கிரீன்ல நிக்குதா, ஃபார்மட் பண்ணாத, மொதல்ல பேரைப் பாரு

தம்பி, நீ அனுப்புன ரெண்டு போட்டோவையும் பாத்தேன். மத்தவங்களும் படிப்பாங்க, அதனால உன் கதைய சுருக்கமா சொல்லிடறேன். செகண்ட் ஹேண்ட் தின்க்பேட், அதுல டெபியன் 12 லினக்ஸ், போடும்போதே டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் பண்ணிக்கிட்ட, நல்ல காரியம். போன வாரம் சாயங்காலம் அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது இடி இடிச்சு கரண்ட் ட்ரிப் ஆச்சு, பேட்டரியும் செத்த பேட்டரி, லேப்டாப் அப்படியே அணைஞ்சு போச்சு. திரும்ப ஆன் பண்ணா வெறும் கிரப் ப்ராம்ப்ட். வீடியோ ஒண்ணு பாத்து பென்டிரைவ்ல லைவ் (டிஸ்க்ல போடாம பென்டிரைவ்ல இருந்தே ஓடற லினக்ஸ்) போட்டு என்னென்னவோ ரன் பண்ண, இப்ப மெனு வருது, ஆனா டெபியன தேர்ந்தெடுத்தா பாஸ்வோர்டே கேக்காம ரொம்ப நேரம் நின்னு 'இனிட்ராம்எஃப்எஸ்'னு ஒரு ப்ராம்ப்ட்ல போய் உக்காந்துக்குது. டவுன்ல ஒரு கடையில கொடுத்தா 'ஃபார்மட் பண்ணா 80 வெள்ளி, டேட்டா போயிடும்'ங்கறாங்க. அதுக்குள்ள உங்கப்பா பால் மரம் வெட்டுன காலத்து போட்டோ, பழைய லயத்து வீடு இடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது, எல்லாம் இருக்கு. 'அண்ணே, போச்சா?'ன்னு கேட்டிருக்க.

போகல. நீ சொன்னத வச்சுப் பாத்தா உன் டேட்டா இருந்த எடத்துலயே பத்திரமா இருக்கு, பூட்டு திறக்கறதுக்கு ஆள் வரல, அவ்வளவுதான். கடைக்காரர நான் குறை சொல்லல, அவருக்கு தினம் வர்றது விண்டோஸ் கேஸ்தான், லக்ஸ், அதான் லினக்ஸ் டிஸ்க்குக்குப் போடற பூட்டு, பாத்திருக்க மாட்டாரு. ஆனா அவர் கையில கொடுத்துடாத. அப்புறம் அந்த டிஸ்க்க கழட்டி யாரோட விண்டோஸ் மெஷின்லயும் சொருகாத, சொருகுனா 'இந்த டிஸ்க்க ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும்'னு ஒரு பாக்ஸ் வரும், அதுல அவசரத்துல ஓகே அமுக்கிட்டு அழுத ஆளுங்கள நான் ரெண்டு பேரையாவது பாத்திருக்கேன்.

இன்னொண்ணு சொல்லிடறேன், கமாண்ட் எல்லாம் நான் தமிழ் எழுத்துலதான் எழுதறேன். நீ அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடி, பெரிய எழுத்துன்னு நான் சொன்ன எடத்துல மட்டும் பெரிய எழுத்து, நான் ஹைபன் போட்ட எடத்துல ஹைபன், கீழ்க்கோடுன்னு சொன்ன எடத்துல கீழ்க்கோடு.

சரி, லேப்டாப் எப்படி எழுந்திருக்குதுன்னு புரிஞ்சாத்தான் எங்க படுத்துக்கிச்சுன்னு தெரியும். பழைய தோட்டம் மாதிரி நெனைச்சுக்க. கேட்டுல ஒரு ஜாகா, அதான் காவல்காரன், அவன் வேலை கேட்ட திறந்து ஆபீஸ் எந்தப் பக்கம்னு காட்டறது மட்டும்தான், அதுதான் மதர்போர்டுல இருக்கற யூஇஎஃப்ஐ. ஆபீஸ்ல கிராணி, அதான் கணக்கர், கையில ஒரு பேர்ப்பதிவு புத்தகம், அதைப் பாத்து இன்னிக்கு எந்த தண்டல (வேலையாட்கள மேய்க்கற மேஸ்திரிய) கூப்பிடணும்னு சொல்வாரு, அதுதான் கிரப், அந்தப் புத்தகம்தான் கிரப்.சிஎஃப்ஜி ஃபைல். தண்டல் வந்து ஸ்டோர் சாவிய உன்கிட்ட கேட்டு வாங்கி பூட்ட திறப்பாரு, அதுதான் கெர்னலும் (சிஸ்டத்தோட மையம்) இனிட்ராம்எஃப்எஸும் (டிஸ்க்க திறக்கறதுக்கு முன்னாடி கெர்னலோட எழும்பற சின்ன துவக்க சிஸ்டம்). ஸ்டோருக்குள்ள இருக்கறதுதான் உன் சாமான் எல்லாம். டெபியன் இன்ஸ்டாலர் சும்மா தானா பண்ணா, ஜாகா, கிராணி, தண்டல் மூணு பேருமே பூட்டுக்கு வெளியில இருப்பாங்க: முதல் பார்ட்டிஷன் ஃபேட்32ல ஈஎஃப்ஐக்கு, ரெண்டாவது என்கிரிப்ட் ஆகாத /பூட், மூணாவதுதான் லக்ஸ், அதுக்குள்ள எல்விஎம் (எடத்த வால்யூம்னு துண்டு துண்டாப் பிரிக்கற ஏற்பாடு), அதுக்குள்ள ரூட்டும் (சிஸ்டமும் உன் ஃபைலும் இருக்கற எடம்) ஸ்வாப்பும். அதாவது உன் பாஸ்வோர்ட கேக்கறது கிரப் இல்ல, இனிட்ராம்எஃப்எஸ். இத நல்லா மனசுல வச்சுக்க, ஏன்னா முக்காவாசி பேரு இங்கதான் குழம்பி, பாஸ்வோர்ட் கேக்கலன்னா கிரப்தான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு கிரப்ப போட்டு அடி அடின்னு அடிப்பாங்க.

ஸ்கிரீன்ல என்ன ப்ராம்ப்ட் நிக்குதோ அதுவே யார் வேலைக்கு வரலன்னு சொல்லிடும். 'பூட் டிவைஸ் இல்ல'ன்னு வந்தா ஜாகாவுக்கே ஆபீஸ் எங்கன்னு மறந்துபோச்சு. 'கிரப் ரெஸ்க்யூ'ன்னு வந்தா கிராணி வந்துட்டாரு, ஆனா கண்ணாடி, பேனா எதுவும் இல்ல, அதாவது மத்த மாடியூல் இருக்கற /பூட் பார்ட்டிஷனையே அவரால கண்டுபிடிக்க முடியல. வெறும் 'கிரப்'னு வந்தா கிராணி முழுசா ரெடி, புத்தகம்தான் காணோம் இல்ல வெத்துத்தாளு. 'இனிட்ராம்எஃப்எஸ்'னு வந்தா கிராணி வேலை முடிஞ்சுபோச்சு, தண்டல் வந்து நிக்கறாரு, ஸ்டோர திறக்க முடியாம முழிக்கறாரு.

உனக்கு மொதல்ல வந்தது மூணாவது ரகம். புதுக் கெர்னல் வந்தா அப்டேட் கடைசியில கிரப்.சிஎஃப்ஜிய புதுசா எழுதும், அந்த நேரத்துல கரண்ட் போனா ஃபைல் காலியா நின்னுடலாம், காலி புத்தகத்த திறந்த கிராணி 'என்ன பண்ணணும் சொல்லுங்க'ன்னு உன்னையே பாப்பாரு. அப்பவே என்கிட்ட கேட்டிருந்தா பென்டிரைவே தேவைப்பட்டிருக்காதுலா. இனிமே வந்தா எப்படின்னு சொல்றேன், தெரிஞ்சு வச்சுக்க. கிரப் ப்ராம்ப்ட்ல 'எல்எஸ்'னு அடிச்சா டிஸ்க் பட்டியல் வரும், (எச்டி0,ஜிபிடி1), (எச்டி0,ஜிபிடி2) அப்படி. 'எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/'ன்னு கடைசியில ஸ்லாஷோட அடிச்சா உள்ள என்ன இருக்குன்னு காட்டும், விஎம்லினஸ்னு ஆரம்பிக்கற ஃபைல் தெரிஞ்சா அதுதான் உன் /பூட், அதுல கடைசி எழுத்து எக்ஸ் இல்ல, இஸட். அப்புறம் 'செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)', அடுத்து 'லினக்ஸ் /விஎம்லினஸ்' வரைக்கும் அடிச்சு டேப் கீய அமுக்குனா மீதி வெர்ஷன் நம்பர அதுவே முடிச்சுக் கொடுக்கும், அதே வரியில 'ரூட்=/டெவ்/மேப்பர்/...' உன் ரூட் பேரு, கடைசியில 'ஆர்ஓ'. அடுத்த வரி 'இனிட்ஆர்டி /இனிட்ஆர்டி' டேப், அப்புறம் 'பூட்'. கெர்னலும் இனிட்ஆர்டியும் ஒரே வெர்ஷன் நம்பரா இருக்கணும். இதுல எல்லாரும் வழுக்கி விழற ஒரு எடம் இருக்கு, /பூட் தனிப் பார்ட்டிஷன்ங்கறதால பாதை '/பூட்/விஎம்லினஸ்' இல்ல, வெறும் '/விஎம்லினஸ்'தான். பாஸ்வோர்ட் கேக்கும், உள்ள போவ, 'சூடோ அப்டேட்-கிரப்' ஒண்ணு அடிச்சா புத்தகம் திரும்ப எழுதப்பட்டுடும், முடிஞ்சுபோச்சு கதை.

ரூட் பேருன்னு சொன்னேன் இல்ல, அதுல ஒரு வேடிக்கை. உன் கம்ப்யூட்டர் பேரு சிப்புட்னு வச்சுக்க, டெபியன் எல்விஎம் குரூப்புக்கு 'சிப்புட்-விஜி'ன்னு பேர் வைக்கும், ஆனா /டெவ்/மேப்பர்ல பாத்தா 'சிப்புட்--விஜி-ரூட்'னு நடுவுல ரெண்டு ஹைபன் இருக்கும். அது தப்பில்ல. குரூப் பேரையும் வால்யூம் பேரையும் பிரிக்கறதுக்கு ஒத்தை ஹைபன் வேணுங்கறதால, பேருக்குள்ளயே இருக்கற ஹைபன ரெட்டையாக்கிடுது. ஒண்ணா அடிச்சா கண்டுபிடிக்காது, நான் ஒரு ராத்திரி முழுக்க இதுக்கு உக்காந்திருக்கேன்.

இப்ப உன் ரெண்டாவது பிரச்சனை, அசல் பிரச்சனை. வீடியோவ பாத்து பண்ணும்போது லைவ் டெஸ்க்டாப்புல ஃபைல் மேனேஜர்ல டிஸ்க் ஐகான கிளிக் பண்ணி பாஸ்வோர்ட் அடிச்சு திறந்தேன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் வந்துச்சு வினை. லக்ஸ் டிஸ்க்க திறக்கும்போது அதுக்கு ஒரு பேரு வைக்கணும். நீ மவுஸால கிளிக் பண்ணி திறந்தா சிஸ்டம் அதுக்கு 'லக்ஸ்-'னு போட்டு பின்னாடி நீளமா யூயூஐடி (அந்தப் பார்ட்டிஷனோட அடையாள நம்பர்) ஒட்டி ஒரு பேரு வச்சுடும். ஆனா உன் டெபியனுக்குள்ள '/இடிசி/கிரிப்ட்டேப்'னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல இன்ஸ்டாலர் அன்னிக்கே வேற பேரு எழுதி வச்சிருக்கு, 'எஸ்டிஏ3_கிரிப்ட்' மாதிரி, நடுவுல கீழ்க்கோடு. சிஎச்ரூட் பண்ணி, அதாவது லைவ்ல இருந்தே உன் டெபியனுக்குள்ள நுழைஞ்சு, உள்ள போய் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ரன் பண்ணப்ப, அது ரூட் எந்த டிஸ்க் மேல உக்காந்திருக்குன்னு பாக்குது, 'லக்ஸ்-என்னமோ'ங்குது, கிரிப்ட்டேப்ல போய் அந்தப் பேரத் தேடுது, இல்ல. இல்லன்ன உடனே நின்னு சண்டை போட்டா பரவால்ல, 'கிரிப்ட்செட்டப்: வார்னிங்: டார்கெட் கிரிப்ட்டேப்ல இல்ல'ன்னு மஞ்சத்தாளு மாதிரி ஒரு வரிய துப்பிட்டு, திறக்கற குறிப்பு எதுவும் இல்லாமயே புது இனிட்ராம்எஃப்எஸ கட்டி வச்சுட்டு நல்லபடியா முடிஞ்சதுன்னு போயிடும். வீடியோவுல அந்த வரி வேகமா ஓடிப் போயிருக்கும், யாரு படிக்கறா. அதனால இப்ப தண்டல் வர்றாரு, அவர் கையில இருக்கற சீட்டுல 'ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி கேளு'ன்னு எழுதலை, அவர் உன்கிட்ட கேக்கவும் மாட்டாரு, ரூட் வரும் வரும்னு காத்திருந்துட்டு 'அலர்ட், அப்படி ஒண்ணு இல்ல'ன்னு ஷெல்லுல விட்டுட்டுப் போயிடறாரு.

இது ஊகம் இல்ல, உன் ரெண்டாவது போட்டோவுல ஆதாரம் இருக்கு. அந்த ஸ்கிரீன மேல இருந்து படி. 'ரூட் ஃபைல் சிஸ்டம் டிவைஸ் வரும்னு காத்திருந்து விட்டாச்சு'ங்கற அர்த்தத்துல ஒரு வரி இருக்கு, அதுக்கு மேல 'கிரிப்ட்செட்டப்'னு ஆரம்பிக்கற வரி ஒண்ணுகூட இல்ல. குறிப்பே உள்ள போகலன்னா இப்படித்தான் இருக்கும். 'கிரிப்ட்செட்டப்: என்கிரிப்டட் சோர்ஸ் டிவைஸுக்காகக் காத்திருக்கேன்'னு யூயூஐடியோட ஒரு வரி வந்திருந்தா அது வேற வியாதி, குறிப்பு இருக்கு ஆனா யூயூஐடி தப்பு, டிஸ்க்க குளோன் பண்ணவங்களுக்கும் திரும்ப ஃபார்மட் பண்ணவங்களுக்கும் வரும். 'பேட் பாஸ்வோர்ட் ஆர் ஆப்ஷன்ஸ்'னு வந்தா தண்டல் கேட்டாரு, நீதான் தப்பா சொல்லியிருக்க, மொதல்ல கேப்ஸ் லாக்கப் பாரு. கறுப்பு ஸ்கிரீன் எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் தெரியும், ஒரு வரி வித்தியாசத்துல வைத்தியம் மாறிப்போயிடும்.

சரி வைத்தியம். சுலபமானதுல இருந்து ஆரம்பிக்கலாம், வரிசைய மாத்தாத.

மெனு வரும்போது 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் ஃபார் டெபியன்'னு ரெண்டாவது வரி இருக்கும், உள்ள போய் பழைய கெர்னல் இருக்கான்னு பாரு. ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனி இனிட்ராம்எஃப்எஸ். நீ வீடியோவுல 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ'ன்னு மட்டும் அடிச்சிருந்தா புது கெர்னலோடது மட்டும்தான் கெட்டிருக்கும், பழசு தொடாம இருக்கும், அது வழக்கம் போல பாஸ்வோர்ட் கேக்கும். பின்னாடி '-கே ஆல்'னு சேத்து அடிச்சிருந்தா எல்லாமே போயிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை, பாத்துடு.

அது கைகொடுக்கலன்னா இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்லயே நீயே தண்டல் வேலைய பண்ணிடலாம். அங்க நின்னு 'எல்எஸ் /டெவ்/எஸ்டி' டேப் போட்டு உன் டிஸ்க் தெரியுதான்னு பாரு, என்விஎம்இ டிஸ்க்னா 'என்விஎம்இ0என்1பி3' மாதிரி இருக்கும். அப்புறம் 'கிரிப்ட்செட்டப் ஓப்பன் /டெவ்/எஸ்டிஏ3 எஸ்டிஏ3_கிரிப்ட்', பாஸ்வோர்ட் கேக்கும், அடி. கடைசியில இருக்கற பேரு முக்கியம், கிரிப்ட்டேப்ல இருக்கற அதே பேரு வேணும். அடுத்து 'எல்விஎம் விஜிசேஞ்ச் -ஏஒய்', அப்புறம் வெறும் 'எக்ஸிட்'. பூட் விட்ட எடத்துல இருந்து தொடர்ந்து ஓடி லாகின் ஸ்கிரீன் வரைக்கும் வந்துடும். உள்ள போனதும் டெர்மினல்ல மொத வேலையா 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்'. இப்ப டிஸ்க் சரியான பேர்ல திறந்திருக்கறதால அந்த வார்னிங் வராது, குறிப்பு உள்ள போயிடும். பென்டிரைவ் வேணாம், சிஎச்ரூட் வேணாம். 'கிரிப்ட்செட்டப் நாட் ஃபவுண்ட்'னு சொன்னா மட்டும் அடுத்த வழிக்கு வா.

அடுத்த வழி பென்டிரைவ். இதுலதான் உன் வீடியோ சொதப்புச்சு, ஆனா வழி தப்பில்ல, பேருதான் தப்பு. லைவ்ல பூட் ஆனதும் டிஸ்க் ஐகான கிளிக் பண்ணாத. டெர்மினல் திற. 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடிச்சு எது எதுன்னு பாரு, 'கிரிப்டோ_லக்ஸ்'னு எழுதியிருக்கறதுதான் உன் பார்ட்டிஷன். இங்க உஷார், பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணா சிலசமயம் பென்டிரைவ் எஸ்டிஏ ஆகிடும், உன் டிஸ்க் எஸ்டிபிக்குப் போயிடும். என் கதைய கேளு, ஒரு பழைய பயாஸ் மெஷின்ல கிரப்-இன்ஸ்டால எஸ்டிஏவுல அடிச்சுட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, ஒண்ணும் மாறலயேன்னு திரும்ப அடிச்சு, இப்படி மூணு வாட்டி. மூணு வாட்டியும் நான் அழகா கிரப் போட்டது பென்டிரைவுக்கு.

அளவப் பாத்து எதுன்னு உறுதி பண்ணிட்டு, எதையும் தொடறதுக்கு முன்னாடி லக்ஸ் ஹெட்டர வேற ஒரு பென்டிரைவுல எடுத்து வை: 'கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெட்டர்பேக்கப் /டெவ்/எஸ்டிஏ3 --ஹெட்டர்-பேக்கப்-ஃபைல்' அப்புறம் எங்க வைக்கணுமோ அந்தப் பாதை. லக்ஸ்ஹெட்டர்பேக்கப்ங்கறதுல எச், பி ரெண்டு மட்டும் பெரிய எழுத்து. லக்ஸ்2ல அந்த ஃபைல் 16 எம்பிதான். உன் பாஸ்வோர்ட் நேரா டேட்டாவ திறக்கறதில்ல தம்பி, ஹெட்டருக்குள்ள ஒரு மாஸ்டர் கீ பூட்டியிருக்கு, பாஸ்வோர்ட் அந்தக் கீயத்தான் திறக்குது, கீதான் டேட்டாவ திறக்குது. ஹெட்டர் போச்சுன்னா பாஸ்வோர்ட் மனப்பாடமா தெரிஞ்சும் ஒரு போட்டோகூட வராது. அந்த பேக்கப் ஃபைல பத்திரமாவும் வை, ஏன்னா நாளைக்கு நீ பாஸ்வோர்ட மாத்துனாலும் அந்தப் பழைய ஹெட்டர் பழைய பாஸ்வோர்டுக்கு திறந்துக்கும். இன்னொண்ணு, கமாண்ட் அடிக்கும்போது 'லக்ஸ்ஓப்பன்'னு அடிக்கற எடத்துல 'லக்ஸ்ஃபார்மட்'னு கை போயிடக் கூடாது, அது பெரிய எழுத்துல 'யெஸ்'னு முழு வார்த்தையா அடிச்சு கன்ஃபர்ம் பண்ணச் சொல்லும், சொல்லுச்சுன்னா கைய எடுத்துடு.

இப்ப ஒரு சிக்கல், கிரிப்ட்டேப்ல என்ன பேரு இருக்குன்னு பாக்கணும், ஆனா கிரிப்ட்டேப் பூட்டுன டிஸ்க்குக்கு உள்ள இருக்கு. பெட்டிச் சாவிய பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டுன கதை. பயப்படாத, ஒருவாட்டி ஏதோ ஒரு பேர்ல திற, 'கிரிப்ட்செட்டப் ஓப்பன் /டெவ்/எஸ்டிஏ3 சோதனை' மாதிரி, ரூட்ட /எம்என்டில மவுண்ட் பண்ணு, 'கேட் /எம்என்டி/இடிசி/கிரிப்ட்டேப்' அடிச்சுப் பேர எழுதிக்க. கைபேசியில போட்டோ எடுத்துக்க, ஞாபகம்னு நம்பாத. அப்புறம் அன்மவுண்ட் பண்ணி, 'விஜிசேஞ்ச் -ஏஎன்' அடிச்சு, 'கிரிப்ட்செட்டப் க்ளோஸ் சோதனை'ன்னு மூடிட்டு, சரியான பேர்ல திரும்பத் திற. அந்த வரியில இருக்கற யூயூஐடியும் 'பிஎல்கேஐடி'ல எஸ்டிஏ3க்கு நேரா காட்டறதும் ஒண்ணான்னு அப்பவே ஒப்பிட்டுப் பாத்துடு. ரூட்டோட யூயூஐடிய எடுத்துப் பாத்துட்டு ஒண்ணா இல்லையேன்னு பதறாத, லக்ஸ் பார்ட்டிஷனோட யூயூஐடிதான் கிரிப்ட்டேப்ல இருக்கும்.

அப்புறம் வழக்கமான மவுண்ட்: ரூட்ட /எம்என்டில, எஸ்டிஏ2வ /எம்என்டி/பூட்ல, எஸ்டிஏ1ஐ /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐல, டெவ், ப்ராக், சிஸ், ரன் நாலையும் பைண்ட் பண்ணி, 'சிஎச்ரூட் /எம்என்டி'. /பூட்ட மவுண்ட் பண்ண மறந்தா கமாண்ட் எல்லாம் சிரிச்சுக்கிட்டே ஓடும், புது ஃபைல் எல்லாம் பூட்டுன டிஸ்க்குக்குள்ள இருக்கற வெறும் பூட் ஃபோல்டர்ல போய் விழும், வெளியில இருக்கற அசல் /பூட் அப்படியே பழசா இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணா ஒண்ணும் மாறியிருக்காது. உள்ள போனதும் 'டிஎஃப் -எச் /பூட்' பாரு. ஒவ்வொரு இனிட்ராம்எஃப்எஸும் பல பத்து எம்பி, நாலு கெர்னல் சேர்ந்தா சின்ன /பூட் நிறைஞ்சுடும், நிறைஞ்சா பாதி எழுதி நின்னுடும், அதுக்கும் இதே மாதிரிதான் பூட் ஆகாது. நிறைஞ்சிருந்தா 'ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. அப்புறம் 'டிபிகேஜி -எல் கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ்' அடிச்சு அந்தப் பேக்கேஜ் இருக்கான்னு பாரு, அது தனிப் பேக்கேஜ், வேண்டாததுன்னு நெனைச்சு தூக்கிட்டவங்க உண்டு, அது இல்லன்னா பேரு சரியா இருந்தும் பாஸ்வோர்ட் கேக்காது. கரண்ட் நடுவுல போனதால 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஒண்ணும் ரன் பண்ணிடு, அப்ப பாதியில நின்ன பேக்கேஜ் எல்லாம் முடிஞ்சுடும். கடைசியா 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்', இந்தவாட்டி ஒவ்வொரு வரியையும் படி, வார்னிங்னு வந்தா ரீஸ்டார்ட் பண்ணாத.

ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே உள்ள போச்சான்னு பாத்துடலாம்: 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் /பூட்/இனிட்ஆர்டி.ஐஎம்ஜி' டேப் போட்டு வெர்ஷன் வரவழைச்சு, அத 'க்ரெப் கிரிப்ட்'க்கு பைப் பண்ணு. 'கிரிப்ட்ரூட்/கிரிப்ட்டேப்'னு ஒரு வரியும் எஸ்பின்ல கிரிப்ட்செட்டப்பும் தெரியணும். அந்த கிரிப்ட்ரூட் ஃபைல் காலியா இருந்தாலும் பேரு மட்டும் தெரியும், அதனால சந்தேகமா இருந்தா 'அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ்'ல ஒரு ஃபோல்டருக்குள்ள பிரிச்சு அத திறந்து பாத்துடு, உன் வரி உள்ள இருந்தா இனிமே தண்டல் சாவி கேப்பாரு.

கவனிச்சியா, கிரப்-இன்ஸ்டால பத்தி நான் பேசவே இல்ல. உனக்கு மெனு வருது. மெனு வருதுன்னா ஜாகா, கிராணி ரெண்டு பேரும் வேலையில இருக்காங்க, அவங்கள தொடாத. வீடியோ போடறவங்க எல்லாரும் எதுக்கெடுத்தாலும் கிரப்ப திரும்பப் போடச் சொல்றது, காய்ச்சல் வந்தவனுக்கும் கால் சுளுக்குனவனுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கற மாதிரி. 'பூட் டிவைஸ் இல்ல'ன்னு வர்றவங்களுக்குத்தான் அது. அவங்க பென்டிரைவ யூஇஎஃப்ஐ மோட்ல பூட் பண்ணியிருக்கணும், '/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ' ஃபோல்டர் இருந்தா அந்த மோட்தான். 'ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' அடிச்சா டெபியன் பேரு பட்டியல்ல இருக்கான்னு தெரியும். சில மதர்போர்டு பேட்டரி போனா இந்தப் பட்டியலையே மறந்துடும், அந்த மாதிரி மெஷினுக்கு டெபியன்ல 'கிரப்-இன்ஸ்டால் --ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்' போட்டா எல்லா ஃபர்ம்வேரும் கடைசியா தேடிப் பாக்கற பொது எடத்துலயும் ஒரு காப்பி வச்சுடும்.

/பூட்டையும் சேத்து என்கிரிப்ட் பண்ணவங்க, அதாவது கிரப்பே பாஸ்வோர்ட் கேக்கற ஆளுங்க, அவங்க கதை வேற. உனக்கு இல்ல, ஆனா உன் ஃபிரெண்டு அப்படிப் போட்டிருக்கான்னு சொன்னதால ஒரு வார்த்தை. கிரப் 2.06ல இருந்துதான், 2021ல, லக்ஸ்2 படிக்கவே தெரியும், அதுலயும் பிபிகேடிஎஃப்2ங்கற முறையில பூட்டுன கீய மட்டும்தான். டெபியன் 12ல கிரிப்ட்செட்டப் சும்மா போட்டா ஆர்கான்2ஐடிங்கற வேற முறையில பூட்டும், அத அந்த கிரப்பால திறக்க முடியாது, சரியான பாஸ்வோர்டு கொடுத்தாலும் முடியாது. 'கிரிப்ட்செட்டப் லக்ஸ்கன்வெர்ட்கீ --பிபிகேடிஎஃப் பிபிகேடிஎஃப்2 /டெவ்/எஸ்டிஏ3'ன்னு (லக்ஸ்கன்வெர்ட்கீல சி, கே ரெண்டும் பெரிய எழுத்து) அந்தக் கீய மாத்தணும், அதுக்கு முன்னாடி ஹெட்டர் பேக்கப், '/இடிசி/டிஃபால்ட்/கிரப்'ல கிரிப்டோடிஸ்க் வரிய ஒய்னு போட்டு அதுக்கப்புறம்தான் கிரப்-இன்ஸ்டால். கிரப் நிதானமாத்தான் திறக்கும், பல செகண்ட் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், ஹேங் ஆகிடுச்சுன்னு பவர் பட்டன அமுக்கக்கூடாது. மதர்போர்டோட ஃபர்ம்வேரையே மாத்தி லிப்ரபூட் போட்ட பழைய தின்க்பேட் எக்ஸ்200 வச்சிருக்கறவங்களுக்கு கிரப் டிஸ்க்லயே இல்ல, போர்டுல இருக்கற சிப்புக்குள்ள இருக்கு, அவங்க டிஸ்க்ல கிரப்-இன்ஸ்டால் பண்றது வீண்.

உனக்கு எல்லாம் சரியான பின்னாடி ஒரு சின்ன எரிச்சல் இருக்கலாம், பாஸ்வோர்ட் கேக்கும், திறக்கும், ஆனா ஒவ்வொரு வாட்டியும் அர நிமிஷம் சும்மா நிக்கும். 'சஸ்பெண்ட், ரெஸ்யூம் டிவைஸ்'னு ஒரு வரி தெரிஞ்சா '/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்' ஃபைல்ல இல்லாத ஸ்வாப்போட யூயூஐடி இருக்குன்னு அர்த்தம். அத சரி பண்ணு இல்ல 'ரெஸ்யூம்=நன்'னு, இடப்பக்கம் பெரிய எழுத்துல, வலப்பக்கம் சின்ன எழுத்துல போடு, திரும்ப ஒரு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ். உயிர் போற விஷயம் இல்ல.

பேட்டரிய மாத்து. நம்ம சுங்கை சிப்புட்ல சாயங்காலம் இருட்டிக்கிட்டு வர்றது உனக்குத் தெரியாததா, வானத்தப் பாத்துட்டு துணி எடுக்க ஓடற ஊரு இது, செத்த பேட்டரியோட அப்டேட் அடிச்சிருக்க. காலையில பசியாறிட்டு உக்காந்து பண்ணு, மொதல்ல பழைய கெர்னல், அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட், அதுவும் ஆகலன்னாத்தான் பென்டிரைவ். எங்கயாவது நின்னா ஸ்கிரீன முழுசா, மேல இருந்து கீழ வரைக்கும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு, கிரிப்ட்டேப் வரியையும் எல்எஸ்பிஎல்கே காட்டுனதையும் சேத்து. பாஸ்வோர்ட மட்டும் எனக்கு அனுப்பாத, நான் கேட்டாலும் அனுப்பாத. சனிக்கிழமை பசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தை, பக்கம் வந்தா லேப்டாப்ப கையோட எடுத்துக்கிட்டு வா, சார்ஜரையும் சேத்து.